உலக்கை நின்றது சரி, மறுநாள் நிறுத்திப் பார்த்தீர்களா?

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், திண்டுக்கல்:
கிரகணத்தன்று பித்தளைத் தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி நடுவில் உலக்கையை நிறுத்தினால் பிடிமானமே இல்லாமல் நிற்கிறது. 2019 டிசம்பர் 26 சூரிய கிரகணத்தில் என் கண்ணாலேயே பார்த்தேன். கிரகணம் விட்டதும் சாய்ந்துவிட்டது. இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

நின்றதை நம்புகிறேன். பூண் தட்டையாக இருந்து, தரை சமமாக இருந்து, நிறுத்துகிறவருக்குப் பொறுமையும் இருந்தால் உலக்கை செவ்வாய்க்கிழமை காலையிலும் நிற்கும், ஆடிப்பெருக்கன்றும் நிற்கும். அதன் எடை மையத்திலிருந்து நேர்கீழே இறங்கும் கோடு பூணின் வட்டத்துக்குள் விழுகிறவரை அதற்குச் சாய வேண்டிய அவசியம் இல்லை. மற்ற நாட்களில் யாரும் நிறுத்திப் பார்ப்பதில்லை. கிரகணத்துக்குக் கிடைத்த பெருமை அவ்வளவுதான்.

சூரியனும் சந்திரனும் ஒரே பக்கமிருந்து இழுப்பதால் நிற்கிறது என்பார்கள். ஒவ்வோர் அமாவாசைக்கும் அவை ஏறக்குறைய ஒரே பக்கம்தான் இருக்கின்றன. சூரிய கிரகணத்தன்று கூடுதலாக நடப்பது ஒன்றுதான்: சந்திரனின் நிழல் நம் மேல் விழுகிறது. நிழலுக்கு எடை கிடையாது. கிரகணம் விட்டதும் ஏன் சாய்ந்தது? விட்டதும் வீட்டில் அத்தனை பேரும் குளிக்க ஓடுவார்களே, அந்த நடமாட்டம் போதாதா?

கிரகண நேரத்தை வேறு விதமாகச் செலவிட்டவர்களும் உண்டு. 1868 ஆகஸ்ட் 18 முழு சூரிய கிரகணத்துக்காகக் குண்டூரில் பிரெஞ்சுக்காரர் ழான்சென், மசூலிப்பட்டினத்தில் மதராஸ் வானாய்வகத்தின் போக்சன் என்று பலர் நிறமாலைக் கருவியோடு காத்திருந்தார்கள். சூரிய விளிம்பில் எழுந்த கொழுந்துகளின் ஒளியில் ஒரு மஞ்சள் கோடு தெரிந்தது. சோடியம் என்றுதான் முதலில் தோன்றும். அது சோடியமும் இல்லை, பூமியில் அதுவரை தெரிந்த எந்தத் தனிமமும் இல்லை என்று பின்னர் முடிவுக்கு வந்தவர் இங்கிலாந்தின் லாக்யர். அதுதான் ஹீலியம். பூமியில் அது அகப்பட 1895 ஆனது. அடுத்த கிரகணத்துக்கும் உலக்கையை நிறுத்துங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. மறுநாளும் நிறுத்திப் பாருங்கள். அந்த மறுநாளில்தான் விஞ்ஞானம் ஆரம்பிக்கிறது.

அரசமரத்தடியில் தூங்கும் தாத்தாவின் பேரன், பட்டுக்கோட்டை:
மரம் இரவில் கரியமில வாயு விட்டு ஆளைக் கொன்றுவிடும் என்கிறார் அப்பா. அரசமரம் மட்டும் ராத்திரியிலும் ஆக்ஸிஜன் விடும் என்கிறார் தாத்தா. யார் சொல்வது சரி?

இருவரும் தப்பு. ஆனால் தாத்தா நிம்மதியாகத் தூங்குகிறார் என்பதால் ஒரு மதிப்பெண் கூடுதலாகக் கொடுக்கலாம். மரம் இரவு பகல் இரண்டு வேளையும் சுவாசிக்கிறது; பகலில் ஒளிச்சேர்க்கை அதை மிஞ்சிவிடுவதால் நமக்குத் தெரிவதில்லை. இரவில் அது விடும் கரியமில வாயு திறந்தவெளிக் காற்றில் கலந்து போய்விடும். ஒரு மனிதர் ஒரு நாளில் வெளிவிடும் கரியமில வாயு சுமார் 1 கிலோ. ஆகவே பயப்படுவதானால் மூடிய அறையில் பக்கத்தில் குறட்டை விடுகிற ஆளைப் பார்த்துப் பயப்பட வேண்டும்.

தாத்தாவுக்கு: இலை ஆக்ஸிஜன் விட வெளிச்சம் வேண்டும். அன்னாசி, கள்ளி வகைகள் இரவில் கரியமில வாயுவை வாங்கிச் சேமித்து வைக்கும். ஆக்ஸிஜன் விடுவது பொழுது விடிந்த பிறகுதான். மரத்தடியில் நெஞ்சில் ஏறி உட்காரும் 'அமுக்குவான் பேய்' பற்றியும் யாராவது சொல்லியிருப்பார்கள். கனவு காணும் தூக்கத்தில் மூளை கைகால்களை அசையாமல் பூட்டி வைக்கிறது. சில சமயம் பூட்டு திறப்பதற்கு முன் விழிப்பு வந்துவிடும். ஏசி அறையில் படுத்தாலும் இந்தப் பேய் வரும். தாத்தாவுக்கு உண்மையான ஆபத்து காய்ந்த கிளையும் காக்கை எச்சமும்தான்.

ஒரு விவசாயி, விருத்தாசலம்:
சாரைப்பாம்பு ஆண், நல்லபாம்பு பெண், இரண்டும் பின்னிப் பிணைந்து ஆடும்போது வேட்டியைப் போட்டு எடுத்து வைத்தால் செல்வம் சேரும் என்பார்கள். எங்கள் வயலில் ஆடியது. ஆனால் வேட்டி போனதுதான் மிச்சம்.

சாரை தனி இனம், நல்லபாம்பு தனி இனம். இரண்டிலும் ஆண் உண்டு, பெண் உண்டு. நல்லபாம்பு மற்றப் பாம்புகளைத் தின்னும். சாரை அகப்பட்டால் அதையும் விடாது. இப்படி ஒரு சம்பந்தத்தை எந்தத் தரகர் பேசி முடித்தாரோ தெரியவில்லை. வயலில் நீங்கள் பார்த்தது பெரும்பாலும் இரண்டு ஆண் சாரைகளின் மல்யுத்தம். பெண்ணுக்காக நடக்கும் போட்டி அது. உடம்பை முறுக்கித் தலையைத் தூக்கி எதிராளியின் தலையைத் தரையில் அமுக்கப் பார்க்கும். கடிப்பதில்லை. அமுங்கியது ஓடிவிடும். அதாவது நீங்கள் வேட்டியை வீசியது கல்யாண மேடைமேல் அல்ல, கோதாவில்.

மகுடிக்குப் பாம்பு ஆடுவதும் அதன் இசைக்காக இல்லை. பாம்புக்கு வெளிக்காது கிடையாது. தரையின் அதிர்வும் தாழ்ந்த ஒலிகளும் ஓரளவுக்கு எட்டும். அது கவனிப்பது முகத்துக்கு நேரே அசையும் குழாயை. பழிவாங்கும் கதையைச் சினிமாவோடு விட்டுவிடலாம். உங்கள் விலாசம் அதற்குத் தெரியாது.

இனி வேடிக்கை இல்லாத பகுதி. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் ஆண்டுக்குச் சராசரி 58,000 பேர் பாம்புக்கடியால் இறந்ததாக ஆய்வு மதிப்பீடு சொல்கிறது. பெரும்பாலும் வயலில் நிற்கிறவர்கள். கடிவாயைக் கீறுவது, உறிஞ்சுவது, கயிற்றால் இறுக்கிக் கட்டுவது எதுவும் வேண்டாம். கடிபட்ட கைகாலை அசைக்காமல் நேரே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். பாம்பை அடித்துப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு போக வேண்டாம். இங்கே கொடுக்கும் விஷமுறிவு மருந்து நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்குக்கும் சேர்த்துத் தயாரித்தது. அந்த மருந்துக்கு விஷம் எடுத்துக் கொடுக்கிறவர்களில் முக்கியமானவர்கள் சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் 1978 முதல் இயங்கும் இருளர் கூட்டுறவுச் சங்கத்தினர். அந்தச் சமூகத்தின் பாம்பு நிபுணர்கள் வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023இல் பத்மஸ்ரீ கிடைத்தது. சாரையை மட்டும் அடிக்காதீர்கள். உங்கள் நெல்லைத் தின்னும் எலியைச் சம்பளம் வாங்காமல் பிடிக்கிறது.

அம்மாவிடம் திட்டு வாங்கும் மகள், நாமக்கல்:
விரலில் சொடக்கு எடுத்தால் வயதான பிறகு மூட்டுவலி வரும் என்கிறாரே அம்மா?

கலிஃபோர்னியாவில் டொனால்ட் அங்கர் என்ற டாக்டருக்கும் அவர் அம்மா இதையே சொன்னார். சித்திகள் சொன்னார்கள், கல்யாணமானதும் மாமியாரும் சொன்னார். அங்கர் வாக்குவாதம் செய்யவில்லை. இடது கையில் தினமும் இரண்டு முறையாவது சொடக்கு எடுத்தார்; வலது கையைச் சும்மா விட்டார். 50 ஆண்டுகள் கழித்து இரண்டு கைகளையும் ஒப்பிட்டு 1998இல் ஒரு மருத்துவ இதழுக்கு எழுதினார்: இரண்டிலும் மூட்டுவாதம் இல்லை. 2009இல் அவருக்கு 'இக் நோபல்' என்ற கேலிப் பரிசு கிடைத்தது. ஒரே ஓர் ஆளின் சோதனைதான். இருந்தாலும் வலது கையைச் சும்மா விட்டாரே, அங்கேதான் ஆள் கெட்டிக்காரர். சத்தம் எலும்பு உரசுவதால் வருவதில்லை. மூட்டுக்குள் இருக்கும் திரவத்தில் வாயுக் குமிழி உண்டாகும் விளையாட்டு அது. அம்மாவின் காதருகே எடுக்காமலிருந்தால் போதும்.

பிளஸ் ஒன் மாணவி, தூத்துக்குடி:
கடல் நீலமாக இருப்பது வானத்தின் பிரதிபலிப்பால்தானே?

ராலே பிரபு அப்படித்தான் சொன்னார். வானம் ஏன் நீலம் என்பதைச் சரியாக விளக்கியவர் என்பதால் கடல் விஷயத்திலும் அவரை யாரும் அதிகம் குறுக்கே கேட்கவில்லை. 1921இல் இங்கிலாந்திலிருந்து நர்குண்டா கப்பலில் திரும்பிய 32 வயதுப் பேராசிரியர் ஒருவர் கேட்டார். திருச்சியில் பிறந்த சி.வி. ராமன். மத்தியதரைக் கடலின் நீலம் அவரைத் தொந்தரவு செய்தது. கையில் ஒரு நிக்கோல் பட்டகம் இருந்தது. நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்பும் வெளிச்சத்தைக் குறிப்பிட்ட கோணத்தில் அந்தப் படிகம் தடுத்துவிடும். கப்பல் தளத்தில் நின்று அதன் வழியே பார்த்தார். வானத்தின் பிரதிபலிப்பு மறைந்தது. நீலம் மறையவில்லை, முன்னைவிட அடர்த்தியாகத் தெரிந்தது.

தண்ணீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்கின்றன என்று சொல்லி, கப்பல் பம்பாய் துறைமுகத்தில் இருக்கும்போதே 'நேச்சர்' இதழுக்குக் கடிதம் எழுதினார். தண்ணீர் சிவப்பு வெளிச்சத்தை உறிஞ்சிக்கொள்வதும் நீலத்துக்கு ஒரு காரணம். டம்ளர் தண்ணீரில் அது தெரியாது; பல மீட்டர் ஆழம் வேண்டும். அந்தச் சிதறலைத் துரத்திப் போனதில்தான் 1928 பிப்ரவரி 28இல் ராமன் விளைவு பிடிபட்டது, 1930இல் நோபல் பரிசு வந்தது. உங்கள் வீட்டில் யாரிடமாவது போலராய்டு கூலிங் கிளாஸ் இருந்தால் வாங்கிக்கொண்டு கடற்கரைக்குப் போங்கள். தலையை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பாருங்கள். நீர்மேல் இருக்கும் பளபளப்பு வந்து வந்து மறையும்.

சனிப்பெயர்ச்சிக்குப் போய்வந்தவர், கும்பகோணம்:
திருநள்ளாறு கோயிலுக்கு மேலே வரும்போது செயற்கைக்கோள்கள் 3 விநாடி ஸ்தம்பித்து நிற்பதாகவும், நாசாவே வியந்துபோனதாகவும் வாட்ஸ்அப்பில் வந்தது. நிஜமா?

சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஒரு செயற்கைக்கோள் விநாடிக்கு ஏழரைக் கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. காரைக்காலிலிருந்து திருநள்ளாறு வர அதற்கு ஒரு விநாடிகூட வேண்டாம். அந்த வேகம்தான் அதை மேலே வைத்திருக்கிறது. நின்றால் நமஸ்காரம் செய்துவிட்டு மறுபடி கிளம்ப முடியாது, கீழேதான் வரும். அங்கே ஈர்ப்பே இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். 400 கிலோமீட்டர் உயரத்தில் தரையில் இருப்பதில் கிட்டத்தட்ட 90 சதவீதம் ஈர்ப்பு இருக்கிறது. விண்வெளி நிலையத்தில் ஆட்கள் மிதப்பது, அவர்களும் நிலையமும் பூமியைச் சுற்றிச் சேர்ந்தே விழுந்துகொண்டிருப்பதால்.

நிற்கிற மாதிரி தோன்றும் செயற்கைக்கோள்கள் உண்டு. நிலநடுக்கோட்டுக்கு மேலே 35,786 கிலோமீட்டரில் பூமியோடு சேர்ந்து ஒரு நாளைக்கு ஒரு சுற்று. உங்கள் மொட்டைமாடி டிஷ் வருஷக்கணக்கில் ஒரே திசையைப் பார்த்துக்கொண்டிருப்பது அதனால்தான். அவை 3 விநாடி அல்ல, எப்போதும் அங்கேயேதான். கோயிலுக்குத் தாராளமாகப் போய்வாருங்கள். அதன் பெருமைக்கு நாசாவின் சிபாரிசுக் கடிதம் தேவையில்லை.

கத்திரி வெயிலில் கருகியவர், வேலூர்:
மே மாதத்தில் பூமி சூரியனுக்குப் பக்கத்தில் போய்விடுகிறதோ?

பூமி சூரியனுக்கு மிக அருகில் இருப்பது ஜனவரி முதல் வாரத்தில், நீங்கள் போர்வையைத் தேடும் மார்கழியில். தூரம் சுமார் 14.7 கோடி கிலோமீட்டர். ஜூலை முதல் வாரத்தில் 15.2 கோடி. வெயிலைத் தீர்மானிப்பது தூரம் அல்ல, பூமியின் 23.5 டிகிரி சாய்வு. அதனால் உச்சி வெயில் நிஜமாகவே உச்சிக்கு வரும் நாள் ஊருக்கு ஊர் மாறும். கன்னியாகுமரியில் ஏப்ரல் 10 வாக்கில். சென்னையிலும் உங்கள் வேலூரிலும் ஏப்ரல் 24 வாக்கில். அன்று நண்பகல் 12 மணி தாண்டிப் பத்து நிமிடம் போல, வாசலில் ஒரு தண்ணீர்ப் பாட்டிலை நிமிர்த்தி வையுங்கள். நிழல் அதன் அடிக்குள்ளேயே ஒளிந்துகொள்ளும். ஆகஸ்ட் 18 வாக்கில் இன்னொரு முறை வாய்ப்பு உண்டு. டெல்லிக்காரர்களுக்கு இந்தக் காட்சி எந்த நாளும் கிடையாது. அவ்வளவு வடக்கே சூரியன் உச்சிக்கு வருவதில்லை. உச்சிக்கு வருவது ஏப்ரலில், வதைப்பது மே மாதத்தில் என்றால், தரை சூட்டைச் சேர்த்து வைத்து மெதுவாகத்தான் திருப்பித் தருகிறது.

ஆந்திரா மெஸ்ஸில் அழுதவர், சென்னை:
காரம் நாக்கில் எந்த இடத்தில் தெரிகிறது? தண்ணீர் குடித்தும் ஏன் அடங்குவதில்லை?

காரம் சுவையே இல்லை, வலி. மிளகாயின் காப்சைசின், 43 டிகிரிக்கு மேலான சூட்டை உணர்வதற்காக நம் நரம்பில் இருக்கும் ஏற்பியைப் போய்த் தட்டுகிறது. மூளை 'வாய் வேகிறது' என்று எடுத்துக்கொண்டு வியர்வையைத் திறந்துவிடுகிறது. அந்த ஏற்பியைக் கண்டுபிடித்த டேவிட் ஜூலியஸுக்கு 2021 மருத்துவ நோபலில் பங்கு கிடைத்தது. காப்சைசின் தண்ணீரில் கரையாது; குடிக்கக் குடிக்க வாயெல்லாம் பரவும். தயிர் சாதம் கேளுங்கள், பாலின் புரதம் அதைப் பிடித்து இழுத்துப் போகும். கிளி மிளகாய்ப் பழத்தைக் கொத்தித் தின்றுவிட்டு நிம்மதியாக உட்கார்ந்திருக்கிறதே, பறவைகளின் ஏற்பிக்குக் காப்சைசின் உறைப்பதில்லை.

நுனி நாக்கில் இனிப்பு, ஓரத்தில் புளிப்பு, அடியில் கசப்பு என்ற படத்தையும் மறந்துவிடுங்கள். 1901இல் வந்த ஒரு ஜெர்மன் ஆய்வைத் தவறாகப் படித்ததில் பிறந்த படம் அது. நுனி நாக்கில் ஒரு கல் உப்பு வையுங்கள். கரிக்கும்.

பழக்கடைக்காரர், திருச்சி:
வாழைப்பழத்தில் கதிர்வீச்சு இருக்கிறது என்கிறார் ஒரு கஸ்டமர். வியாபாரத்தைக் கெடுக்கிறாரா?

கஸ்டமர் சொன்னது உண்மை. ஆனால் விலையைக் குறைக்காதீர்கள். வாழைப்பழத்தில் பொட்டாசியம் உண்டு; எல்லாப் பொட்டாசியத்திலும் துளியளவு கதிரியக்க வகை கலந்திருக்கும். ஒரு பழத்தில் விநாடிக்குச் சுமார் 15 அணுக்கள் சிதையும். பழத்தை வாங்க வந்த அந்தக் கஸ்டமரின் உடம்பில், பொட்டாசியத்தால் மட்டும், விநாடிக்கு 4,000க்கு மேல். கூடுதல் பொட்டாசியத்தை உடம்பு வெளியே தள்ளிவிடும் என்பதால் தார் தாராகச் சாப்பிட்டாலும் சேராது. கதிர்வீச்சு பழத்தில் மட்டும் இல்லை: கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலிலேயே கதிரியக்கத் தோரியம் கலந்த மோனசைட் இருக்கிறது. இங்கிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டிப் போன மணலைப் பார்த்துத்தான் 1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மன் வேதியியலாளர் அதைக் கண்டுகொண்டார்.

கரண்ட் பில்லைக் கண்டு மயங்கியவர், மதுரை:
ஃபேனை ஒன்றில் வைத்தாலும் ஐந்தில் வைத்தாலும் ஒரே கரண்ட்தான் என்கிறாரே எங்கள் வீட்டுக்காரர்?

சுவரில் பெரிய பெட்டியாக, தொட்டால் சுடுகிற பழைய ரெகுலேட்டர் என்றால் அவர் சொல்வதில் பாதி நியாயம் உண்டு. ஃபேனுக்குப் போகாத மின்சாரத்தில் பெரும்பகுதி அந்தப் பெட்டியில் சூடாக வீணாகும். சின்னக் குமிழாக இருக்கும் எலக்ட்ரானிக் ரெகுலேட்டர் என்றால் வேகத்தைக் குறைக்கக் குறைக்கச் செலவும் குறையும். இன்னொன்று: ஃபேன் அறையைக் குளிரவைப்பதில்லை, உங்கள் வியர்வையைக் காயவைக்கிறது. ஆளில்லாத அறையில் ஓடும் ஃபேன் மோட்டார் சூட்டால் அறையை ஒரு துளி சூடாக்கத்தான் செய்யும். 'ரூம் கூலா இருக்கட்டும்' என்று போட்டுவிட்டு வெளியே போகிறவரிடம் இதைக் காட்டுங்கள்.

ஒரே கார்டில் மூன்று கேள்விகள், அவனியாபுரம்:
சிவப்பைப் பார்த்தால் காளை மிரளுமா? ஒரே இடத்தில் இரண்டு முறை மின்னல் விழாதா? ஒரு நாள் ஒரு வருஷத்தைவிட நீளமாக இருக்க முடியுமா?

மாட்டின் கண்ணில் நிறம் பார்க்கும் செல்கள் இரண்டே வகை. சிவப்பைத் தனியாகப் பிரித்துப் பார்க்க அதற்கு வராது. மிரள்வது அசைவுக்கும் ஆரவாரத்துக்கும். உங்கள் ஊர்க் காளைக்கு இரண்டுக்கும் பஞ்சமில்லை. நியூயார்க்கின் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தில் ஆண்டுக்கு இருபது தடவைக்கு மேல் மின்னல் விழுகிறது. ஆகவே ஏற்கெனவே விழுந்த மரம் என்று நம்பி அடியில் ஒதுங்காதீர்கள். மூன்றாவது: வெள்ளி தன்னைத்தானே ஒருமுறை சுற்ற 243 பூமி நாட்கள், சூரியனைச் சுற்ற 225. அங்கே சம்பளம் தினக்கூலியா, வருஷக்கூலியா என்று கேட்டு வாங்குவது நல்லது.

குடும்ப வாட்ஸ்அப் குழு அட்மின், கோவை:
எங்கள் பெரியப்பா தினமும் 'விஞ்ஞானிகள் வியப்பு' என்று ஏதாவது அனுப்புகிறார். எது நிஜம், எது புருடா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

நம்ப முடியாததாக இருப்பதை மட்டும் வைத்துத் தள்ளாதீர்கள். ஆக்டோபஸுக்கு மூன்று இதயம், நீல ரத்தம், அது நிஜம். நம்பும்படி இருப்பதை வைத்து ஏற்றுக்கொள்ளவும் வேண்டாம். தீபாவளி இரவில் ஜொலிக்கும் இந்தியா என்று ஆண்டுதோறும் ஒரு படம் வருகிறதே, அது பல ஆண்டுகளில் நகர விளக்குகள் எப்படிப் பெருகின என்று காட்டுவதற்காக, ஆண்டுக்கொரு நிறம் கொடுத்து ஓர் அமெரிக்க விஞ்ஞானி தயாரித்தது. தீபாவளிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

மூன்று விஷயம் பாருங்கள். யார், எங்கே, எந்த ஆண்டு கண்டார்கள் என்று இருக்கிறதா? 'நாசா' என்று மட்டும் இருந்தால் அது பெயர் இல்லை, மிரட்டல். அடுத்து, இது பொய்யாக இருந்தால் எப்படித் தெரியவரும் என்று கேளுங்கள். எது நடந்தாலும் சரிதான் என்கிற சங்கதி விஞ்ஞானம் இல்லை. கடைசியாக, வீட்டில் செய்து பார்க்க முடியுமா? முடிந்தால் பார்த்துவிடுங்கள், பாதிச் சண்டை அங்கேயே தீர்ந்துவிடும்.

பெரியப்பாவைக் குழுவிலிருந்து எடுத்துவிடாதீர்கள். 'இது பொய்' என்றும் பதில் போடாதீர்கள். கோபித்துக்கொண்டு இன்னும் பத்து அனுப்புவார். 'இதை எப்படிக் கண்டுபிடித்தார்கள் பெரியப்பா?' என்று மட்டும் கேளுங்கள். பதில் வந்தால் எனக்கும் ஒன்று அனுப்பி வையுங்கள்.